மூன்று வருடமாக வாய்தா மட்டும்தான்: மகளின் ஜீவனாம்ச வழக்கு பற்றி ஒரு தலைமையாசிரியருக்குப் பதில்

தேனி மாவட்டத்திலிருந்து ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் எழுதிய கடிதத்தின் சுருக்கம் இது:

“என் மகளுக்கு வயது 31. ஏழு வயதில் ஒரு பையன் இருக்கிறான். மூன்று வருடமாக இருவரும் எங்களோடுதான். ஜீவனாம்சம் கேட்டு இங்கே மனு போட்டோம். இடைக்கால உத்தரவுகூட வரவில்லை. வேலையை விட்டுவிட்டேன் என்று மருமகன் சொல்கிறார். அவர் கோவையில் விவாகரத்து மனு போட்டிருக்கிறார். ஒவ்வொரு வாய்தாவுக்கும் மகள் விடியற்காலையில் பஸ் ஏறுகிறாள். பணம் தராதவர் பையனைப் பார்க்கக் கூடாது என்று நான் சொல்லிவிட்டேன். நாங்கள் போட்ட நாற்பது பவுனும் அங்கேதான் இருக்கிறது. முப்பது வருடம் பாடம் நடத்தியவன் நான். எனக்கே சட்டத்தில் ஒரு வரி தெரியவில்லை. என் மகளுக்கு என்ன வழி? இந்த நீதிமன்றமும் குடும்பச் சட்டமும் எப்போது திருந்தும்? பள்ளிக்கூடத்திலேயே இதையெல்லாம் சொல்லிக் கொடுக்க முடியாதா?”

ஐயா, வணக்கம்.

மகளின் வழக்கை முதலில் எடுத்துக்கொள்கிறேன். சட்டம் திருந்தும்வரை பேரனின் பள்ளிக் கட்டணம் காத்திருக்காது.

உங்கள் மகளுக்குத் தேவையான சட்டத்தில் பெரும்பகுதி ஏற்கெனவே இருக்கிறது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் ஜீவனாம்சத்துக்கான 125ஆவது பிரிவுதான் 2024 ஜூலையிலிருந்து பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144ஆவது பிரிவு. எதிர்மனுதாரருக்கு நோட்டீஸ் போய்ச் சேர்ந்த நாளிலிருந்து கூடியவரை 60 நாளுக்குள் இடைக்கால ஜீவனாம்ச மனுவை முடிக்க வேண்டும் என்று இரண்டிலுமே எழுதியிருக்கிறது. இந்து திருமணச் சட்டத்தின் 24ஆவது பிரிவிலும் அதே 60 நாள்தான். விவாகரத்து வழக்கையே ஆறு மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று அதே சட்டத்தின் 21பி பிரிவு சொல்கிறது. இவ்வளவும் அச்சில் இருக்க, உங்கள் மகள் மூன்று வருடம் காத்திருக்கிறாள். இந்தக் காலக்கெடு இருப்பது உங்களைப் போன்றவர்களுக்குத் தெரிவதில்லை. தெரிந்த எங்களைப் போன்ற வக்கீல்களும் ஒவ்வொரு வாய்தாவிலும் எழுந்து நின்று அதைச் சொல்வதில்லை. சொன்னாலும் நூறு வழக்கு அடுக்கி வைத்திருக்கும் நீதிபதிக்கு அன்றைக்கு நேரம் இருப்பதில்லை. சீர்திருத்தம் என்று நான் பேசுவதெல்லாம் இந்த மூன்றையும் மாற்றுவதைத்தான்.

சரி, இப்போது என்ன செய்யலாம்?

2020 நவம்பரில் ரஜ்னேஷ் எதிர் நேஹா என்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புக் கொடுத்தது. ஜீவனாம்ச வழக்கில் கணவன், மனைவி இரண்டு பேருமே தங்கள் வருமானம், சொத்து, கடன் எல்லாவற்றையும் காட்டும் பிரமாணப் பத்திரத்தைக் கட்டாயம் தாக்கல் செய்ய வேண்டும். அதற்கான படிவத்தையும் தீர்ப்போடு இணைத்திருக்கிறார்கள். நாடு முழுவதும் நிலுவையில் இருக்கிற வழக்குகளுக்கும் இது பொருந்தும். பத்திரங்கள் தாக்கலான பிறகு அதிகபட்சம் நான்கிலிருந்து ஆறு மாதத்துக்குள் இடைக்கால உத்தரவு வர வேண்டும் என்றும் அந்தத் தீர்ப்பு சொல்கிறது. எதிர்தரப்பு வேண்டுமென்றே இழுத்தடித்தால் அவருடைய எதிர்வாதத்தையே நீக்கிவிட நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு.

உங்கள் வழக்கில் மருமகன் அந்தப் பத்திரத்தைத் தாக்கல் செய்திருக்கிறாரா? முதலில் உங்கள் வக்கீலிடம் இதைக் கேளுங்கள். நான் பார்த்தவரை பல வழக்குகளில் அது தாக்கலாவதே இல்லை. தாக்கலானாலும் பாதிக் கட்டங்களில் ‘இல்லை’, ‘பொருந்தாது’ என்று எழுதி ஒப்புக்குப் போட்டிருப்பார்கள். மாதச் சம்பளம், வங்கிக் கணக்கு, வைப்புத்தொகை, பி.எஃப்., இன்சூரன்ஸ், வண்டி, வீடு, கடன் தவணை எல்லாவற்றுக்கும் அதில் தனித்தனி இடம் இருக்கிறது. எதிர்தரப்பின் வருமானம் பற்றி நமக்குத் தெரிந்ததை எழுதவும் இடம் உண்டு. அந்த இடத்தைத்தான் நம் ஆட்கள் காலியாக விடுகிறார்கள்.

ஒரு நாள் சாயங்காலம் மகளோடு உட்கார்ந்து எழுதுங்கள். மருமகன் எந்த நிறுவனத்தில் என்ன பதவியில் இருந்தார்? சம்பளம் எந்த வங்கியில் விழுந்தது? கார் யார் பெயரில் இருக்கிறது, அதற்கு மாதத் தவணை எவ்வளவு? வாடகை வருகிற வீடு ஏதும் உண்டா? இருவரும் சேர்ந்திருந்தபோது சம்பள உயர்வு பற்றி வாட்ஸ்அப்பில் ஏதாவது அனுப்பியிருந்தால் அதையும் எடுத்து வையுங்கள். வேலையை விட்டுவிட்டேன் என்பவரிடம் ராஜினாமாக் கடிதத்தையும் கடைசி சில வருட வங்கி அறிக்கையையும் கேட்டு மனு போடலாம். நிறுவனத்திடமிருந்தே சம்பளச் சான்றை வரவழைக்கச் சொல்லியும் கேட்கலாம். வேலை இல்லாத மனிதர் மாதம் தவறாமல் கார் தவணை கட்டுகிறார் என்றால், அந்த ஒரு வரியே நீதிபதிக்குப் போதும். உடல் நலத்தோடு, சம்பாதிக்கும் தகுதியோடு இருக்கிற கணவர் ‘வருமானம் இல்லை’ என்று சொல்லித் தப்ப முடியாது என்பதை உச்ச நீதிமன்றம் பலமுறை சொல்லிவிட்டது.

உங்கள் மகளும் தன் பத்திரத்தில் உண்மையை எழுத வேண்டும். டியூஷன் எடுத்து மாதம் நாலாயிரம் ரூபாய் வருகிறது என்றால் அதையும் சேர்த்து எழுதட்டும். மனைவி கொஞ்சம் சம்பாதிக்கிறாள் என்பதற்காகவே ஜீவனாம்சத்தை மறுக்க முடியாது என்று அதே தீர்ப்பு சொல்கிறது. மறைத்தது பின்னால் குறுக்கு விசாரணையில் வெளிவந்தால் அவள் சொன்ன மற்ற உண்மைகளும் எடுபடாமல் போகும்.

ஜீவனாம்சம் எந்தத் தேதியிலிருந்து என்பதும் முக்கியம். மனு தாக்கலான தேதியிலிருந்தே கணக்கிட வேண்டும் என்று அந்தத் தீர்ப்பு முடிவாகச் சொல்லிவிட்டது. அதனால் இழுத்தடித்த மூன்று வருடமும் மருமகன் கணக்கில்தான் ஏறிக்கொண்டிருக்கிறது. இதை மகளிடம் சொல்லுங்கள், கொஞ்சம் தெம்பு வரும்.

உத்தரவு வந்த பிறகு பலர் ஏமாறும் இடம் ஒன்று இருக்கிறது. பணம் வராவிட்டால், பாக்கி விழுந்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் வசூல் மனு போட வேண்டும். அதைத் தாண்டினால் 144ஆவது பிரிவின் கீழ் வாரண்ட் கேட்கும் வழி அடைபட்டுவிடும். ‘தந்துவிடுகிறேன்’ என்று சொல்லிச் சொல்லியே அந்த ஒரு வருடத்தைக் கடத்துகிறவர்களை நிறையப் பார்க்கிறோம். சிறைக்குப் போய்வந்தாலும் பாக்கி தீராது, கொடுத்துத்தான் ஆக வேண்டும். அவர் மறுபடி வேலையில் சேர்ந்தால் சம்பளத்தைப் பற்றுகை செய்யலாம். சாதாரணக் கடனைவிட ஜீவனாம்சத் தீர்ப்புக்குச் சம்பளத்தில் கூடுதலாகவே பிடிக்க முடியும், மூன்றில் ஒரு பங்கை மட்டும்தான் சட்டம் தொடக் கூடாது என்கிறது.

ஒவ்வொரு வாய்தாவும் எதற்காகத் தள்ளிப்போனது என்பதை ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். ‘எதிர்மனுதாரர் வரவில்லை’, ‘நீதிபதி விடுப்பு’, ‘பதில் மனுவுக்கு அவகாசம்’ என்று தேதிவாரியாக இருக்கட்டும். வழக்கின் சி.என்.ஆர். எண் (ஒவ்வொரு வழக்குக்கும் தரப்படும் தனி எண்) இருந்தால் இ-கோர்ட்ஸ் செயலியிலேயே தேதிகளைப் பார்க்கலாம். அந்த ஒரு பக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு முன்கூட்டியே விசாரிக்கக் கோரி மனு போடுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால், குறிப்பிட்ட காலத்துக்குள் முடிக்கும்படி கீழ் நீதிமன்றத்துக்கு உத்தரவிடக் கேட்டு உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம். நம் மாநிலத்தில் இது வழக்கமாக நடப்பதுதான்.

கோவை வழக்கை உங்கள் ஊருக்கு மாற்றக் கேட்டும் உயர் நீதிமன்றத்தில் மனு போடலாம். சின்னப் பையனோடு தனியாக இருக்கிற பெண்ணின் சிரமத்தை நீதிமன்றங்கள் பொதுவாக மதிக்கின்றன. அதுவரைக்கும், அந்த விவாகரத்து வழக்கிலேயே 24ஆவது பிரிவின் கீழ் வழக்குச் செலவு கேட்கலாம். போக்குவரத்துச் செலவையும் சேர்த்தே கேளுங்கள். பஸ் டிக்கெட்டைத் தூக்கிப் போடாதீர்கள்.

வக்கீல் கட்டணம் பாரமாக இருந்தால் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கிறது. 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பெண்களுக்கு இலவச சட்ட உதவி பெற வருமான வரம்பே கிடையாது. உங்களுக்குப் பென்ஷன் வருகிறதே என்று யாரும் தட்ட முடியாது. 15100 என்ற எண்ணில் கூப்பிட்டும் கேட்கலாம்.

இனி பேரன் விஷயம். இதில் உங்கள் மனம் வருந்தினாலும் சொல்லியாக வேண்டும்.

பணம் தராதவர் பையனைப் பார்க்கக் கூடாது என்று நீங்கள் சொன்னது தவறு. ஜீவனாம்சம் அந்தப் பையனின் உரிமை. அப்பாவைப் பார்ப்பதும் அவன் உரிமைதான். ஒன்றைத் தராததற்காக இன்னொன்றைப் பிடுங்கினால் இரண்டு பக்கமும் நஷ்டப்படுகிறவன் அவன் ஒருவன். குழந்தையின் நலனே எல்லாவற்றுக்கும் மேல் என்று 1956ஆம் ஆண்டு இந்து இளவர் காப்பாளர் சட்டத்தின் 13ஆவது பிரிவு சொல்கிறது. பெற்றோர் பிரிந்தாலும் இருவரின் அன்பும் பிள்ளைக்குக் கிடைக்க வேண்டும், தூரத்தில் இருக்கிறவர் தொலைபேசியிலோ வீடியோ அழைப்பிலோ பேச வழி செய்ய வேண்டும் என்று 2020இல் யஷிதா சாஹு வழக்கில் உச்ச நீதிமன்றமும் சொன்னது. அப்பாவால் பையனுக்கு ஆபத்து என்று பயம் இருந்தால் அது வேறு விஷயம். அப்படியானால் காரணத்தை எழுதி, கண்காணிப்போடு சந்திக்கும் ஏற்பாட்டைக் கேட்க வேண்டும். உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை.

வழக்கு நடத்தும் கண்ணோடு பார்த்தாலும் உங்கள் முடிவு மகளுக்குக் கெடுதல். ‘பிள்ளையைக் கண்ணில் காட்டாதவர்கள்’ என்று நாளை அவர்கள் ஒரு மனு போட்டால் அதுவரை உங்கள் பக்கம் இருந்த நியாயம் அங்கே நின்றுபோகும். அதனால் மகளே முந்திக்கொள்ளட்டும். ஞாயிற்றுக்கிழமை தோறும் அரை மணி நேரம் வீடியோ அழைப்பு, மாதம் இரண்டு சனிக்கிழமை நேரில் சந்திப்பு என்று அவள் தரப்பிலேயே எழுத்தில் கொடுக்கட்டும். அழைப்பு வரும்போது நீங்கள் அந்த அறையில் இருக்க வேண்டாம் ஐயா. தாத்தாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே அப்பாவிடம் பேச எந்தப் பிள்ளைக்கும் வாய் வராது.

இந்தச் சந்திப்புகள் நடக்கிற இடத்தைப் பற்றிச் சொன்னால் நீதிமன்றம் எங்கே திருந்த வேண்டும் என்ற உங்கள் கேள்விக்கும் வந்துவிடலாம். பல ஊர்களில் நீதிமன்ற வராந்தாவில்தான் அப்பாவும் பிள்ளையும் சந்திக்கிறார்கள். பத்தடி தள்ளிக் கைவிலங்கோடு ஒருவரைப் போலீஸ் கூட்டிப் போகும். இந்தப் பக்கம் பாட்டி, அந்தப் பக்கம் அத்தை, நடுவில் ஒரு பிஸ்கட் பாக்கெட்டோடு அப்பா. பள்ளிச் சீருடையோடு வந்த பிள்ளை யாரைப் பார்ப்பது என்று தெரியாமல் செருப்பு நுனியைப் பார்த்துக்கொண்டு நிற்கும். அதற்குப் பெயர் சந்திப்பு. நீதிமன்றத்துக்கு வெளியே, விளையாட்டுச் சாமானோடும் பயிற்சி பெற்ற ஒரு ஆளோடும், சனி ஞாயிறில் திறந்திருக்கிற ஒரு அறை ஒவ்வொரு மாவட்டத்திலும் வேண்டும். காலியாகக் கிடக்கும் அரசுக் கட்டடம் ஒன்று போதும்.

குடும்ப நீதிமன்றச் சட்டம் 1984இல் வந்தது. அதைப் படித்தால் இப்படி ஒரு நீதிமன்றம் நம் ஊரில் இருக்கிறதா என்றே ஆச்சரியப்படுவீர்கள். ஒன்பதாவது பிரிவு, முதலில் சமரசத்துக்கு முயல வேண்டும் என்கிறது. ஆறாவது பிரிவு கவுன்சலர்களை நியமிக்கச் சொல்கிறது. தரப்பினரில் ஒருவர் கேட்டாலே மூடிய அறையில் விசாரிக்க வேண்டும் என்பது 11ஆவது பிரிவு. மருத்துவர், சமூக நல வல்லுநர் உதவியை நாடலாம் என்பது 12. சாட்சியச் சட்டத்தின் கெடுபிடி இல்லாமல், பிரச்சினையைத் தீர்க்க உதவுகிற எந்த ஆவணத்தையும் பார்க்கலாம் என்பது 14. வக்கீல் இல்லாமலே தரப்பினர் நேரில் பேசும் இடமாக இருக்கட்டும் என்றுதான் 13ஆவது பிரிவை எழுதினார்கள்.

நடைமுறையில் என்ன ஆனது? இன்னொரு சிவில் நீதிமன்றத்துக்குக் குடும்ப நீதிமன்றம் என்று பெயர்ப்பலகை மாட்டியது போல ஆகிவிட்டது. காலை பத்தரைக்கு எல்லோரையும் வரச் சொல்வார்கள். பெயர் கூப்பிட்டதும் ஓடிப்போய் நிற்க வேண்டும். பெஞ்ச் கிளார்க் அடுத்த தேதியைச் சொல்வார். அந்த அரை நிமிடத்துக்காகத்தான் உங்கள் மகள் விடியற்காலையில் பஸ் ஏறுகிறாள். கவுன்சலர் அறை இருந்தாலும் கதவு திறந்தே கிடக்கும், வாசலில் நாலு பேர் எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அங்கே உட்கார்ந்து எந்தப் பெண் தன் படுக்கையறை வேதனையைச் சொல்வாள்? கொஞ்சம் புரிந்துகொண்டு வரும் நேரத்தில் நீதிபதிக்கு மாறுதல் வந்துவிடும். புதியவர் முதலிலிருந்து படிக்க வேண்டும்.

என்னைக் கேட்டால் எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்றைச் செய்ய வேண்டும். வாரத்தில் ஒரு நாளை இடைக்கால ஜீவனாம்சத்துக்கென்றே ஒதுக்க வேண்டும். அன்றைக்கு வேறு வழக்கு கூடாது. சொத்து விவரப் பத்திரம் தாக்கலாகியிருக்கிறதா என்பதை அதற்கு முந்தைய வாரமே அலுவலகம் சரிபார்த்துவிட வேண்டும். ஆகவில்லை என்றால் காரணம் கேட்காமல் இருக்கிற ஆவணத்தை வைத்து உத்தரவு போட வேண்டும். இதற்குப் புதுச் சட்டம் எதுவும் வேண்டியதில்லை. பணம் கைக்கு வந்துவிட்டால் பெண்ணுக்கு நிதானம் வருகிறது. இழுத்தடிப்பதால் லாபமில்லை என்று தெரிந்தால் ஆணுக்கும் பேச்சுவார்த்தையில் அக்கறை வருகிறது. பல வருடமாகத் தீராத வழக்கு முதல் மாத ஜீவனாம்சம் வந்த பிறகு சமரச மையத்தில் தீர்ந்ததை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். பட்டினி போட்டுவிட்டு ‘சமாதானமாகப் போங்கள்’ என்று ஒருத்தியிடம் சொல்வதில் நியாயம் இல்லை.

சமரசத்தை நான் முழுமனதோடு நம்புகிறவள். நீதிமன்றத்தோடு இணைந்த சமரச மையத்தை 2005லேயே தொடங்கிய உயர் நீதிமன்றம் நம்முடையது. ஆனால் அடி, உதை இருந்த வீட்டுக்கு அது மருந்தாகாது. ‘பிள்ளைக்காகப் பொறுத்துப் போம்மா’ என்று சொல்லி அனுப்புவதைச் சமரசக் கணக்கில் சேர்க்கவே கூடாது. அப்படிப்பட்டவர்களுக்கு 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டமும் 181 என்ற உதவி எண்ணும் இருக்கின்றன.

எங்கள் தொழிலும் திருந்த வேண்டும். சட்டக் கல்லூரியில் குடும்பச் சட்டம் இரண்டு தாளாக இருக்கிறது. பிரிவுகளை ஒப்பிக்கத் தெரிந்த இளம் வக்கீல்கள் வருகிறார்கள். அழுகிற பெண்ணிடம் எப்படிக் கேள்வி கேட்பது, எதை மனுவில் எழுதாமல் விடுவது என்று அவர்களுக்கு யாரும் சொல்லித் தருவதில்லை. சீனியர் அலுவலகத்துக் கணினியில் பழைய விவாகரத்து மனு ஒன்று இருக்கும். அதில் பெயரையும் தேதியையும் மாற்றி ‘நடத்தை சரியில்லாதவள்’, ‘குடிகாரன்’ என்ற வரிகளை அப்படியே விட்டுவிடுவார்கள். அந்த நகல் போய்ச் சேர்கிற வீட்டில் அன்றைக்கு அடுப்பு எரியாது. அதற்குப் பிறகு எந்தக் கவுன்சலர் வந்து பேசினாலும் ஒட்டாது. குடும்ப வழக்கு எழுதுகிற ஒவ்வொருவரும் ஒரு சமரச மையத்தில் சில மாதமாவது உட்கார்ந்து பார்த்திருக்க வேண்டும் என்று விதி வந்தால் நான் மகிழ்வேன்.

சட்டத்தில் என்ன மாற வேண்டும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். இரண்டு பேரும் ஒத்துக்கொண்டால் ஒரு வருடம் பிரிந்திருந்த பிறகு இந்து திருமணச் சட்டத்தின் 13பி பிரிவில் மனு போடலாம். அதற்குப் பின்னான ஆறு மாதக் காத்திருப்பைத் தகுந்த வழக்கில் தளர்த்தலாம் என்று 2017இல் அமர்தீப் சிங் வழக்கில் தீர்ப்பு வந்துவிட்டது. ஒருவர் ஒத்துக்கொள்ளாவிட்டால்தான் சிக்கல். மீள முடியாதபடி முறிந்துபோன திருமணம் என்பது இந்து திருமணச் சட்டத்தில் இன்றும் விவாகரத்துக்குக் காரணமாக இல்லை. அதைச் சேர்க்கச் சொல்லி சட்ட ஆணையம் 1978இல் தன் 71ஆவது அறிக்கையிலும், மறுபடி 2009இல் 217ஆவது அறிக்கையிலும் பரிந்துரைத்தது. 2013இல் மாநிலங்களவையில் ஒரு மசோதா நிறைவேறி, மக்களவையில் நிறைவேறாமலே காலாவதியானது. 2023 மே மாதம் ஷில்பா சைலேஷ் வழக்கில், தன் தனி அதிகாரத்தைக் கொண்டு அந்தக் காரணத்துக்காக விவாகரத்துத் தரலாம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் அந்த அதிகாரம் டெல்லியில் மட்டும்தான். தேனியிலிருந்து எத்தனை பேர் அங்கே போக முடியும்?

அந்தக் காரணம் சட்டத்தில் சேர வேண்டும் என்றே நினைக்கிறேன். ஒரு நிபந்தனையும் வைப்பேன். மனைவிக்கும் பிள்ளைக்கும் பண ஏற்பாடு முடிந்த பிறகுதான் தீர்ப்பு. இல்லையென்றால் கைவிட்டுப் போக நினைக்கிறவருக்குக் கதவைத் திறந்துவிட்டது போல ஆகிவிடும். ஜெர்மனியில் பெற்றோரில் ஒருவர் பிள்ளைக்கான பணத்தைத் தராவிட்டால் அரசே முன்பணமாகக் கொடுத்துவிட்டு அவரிடமிருந்து வசூலிக்கிறது. கந்துவட்டிக்கு வாங்கிப் பள்ளிக் கட்டணம் கட்டுகிற தாய்மார்கள் உள்ள நம் ஊரில் அப்படி ஒரு நிதி எவ்வளவோ பேருக்கு உதவும்.

சட்டம் மேலிருந்துதான் மாறும் என்றும் நினைத்துவிடாதீர்கள். 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டுக் காலத்திலிருந்தே புரோகிதர் இல்லாமல், மாலை மாற்றித் திருமணம் செய்துகொண்டவர்கள் இங்கே இருக்கிறார்கள். அப்படி ஒரு திருமணம் செல்லாது என்று 1953இல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அதற்குப் பிறகும் மக்கள் அப்படித்தான் மணந்துகொண்டார்கள். 1967இல் அண்ணா ஆட்சிக்கு வந்ததும் இந்து திருமணச் சட்டத்தில் 7ஏ பிரிவைச் சேர்த்து, நடந்து முடிந்த திருமணங்களுக்கும் சேர்த்தே அங்கீகாரம் கொடுத்தார். பெண்ணுக்குப் பூர்வீகச் சொத்தில் சம பங்கு என்று தமிழ்நாடு 1989இல் திருத்தம் கொண்டுவந்தது. இந்தியா முழுவதற்கும் அது 2005இல்தான் வந்தது. நம் ஊருக்கு இந்தப் பழக்கம் உண்டு.

அதனால்தான் பள்ளிக்கூடம் பற்றிய உங்கள் கேள்வி எனக்கு மிகவும் பிடித்திருந்தது. ஆனால் பிள்ளைகளுக்குப் பிரிவு எண்களை நடத்த வேண்டாம். பத்தாம் வகுப்பில் மனப்பாடம் செய்து பரிட்சையோடு மறந்துவிடுவார்கள். உங்கள் வீட்டு அனுபவத்திலிருந்தே எடுங்கள்.

உங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் மண்டப வாசலில் மேசை போட்டு உட்கார்ந்து மொய் எழுதுவார்கள். நூற்றியொரு ரூபாய் வைத்தவர் பெயர், ஊர், யார் மகன் என்பதுவரை அந்த நோட்டில் இருக்கும். இருபது வருடம் கழித்தும் எடுத்துப் பார்ப்பார்கள். அதே மேடையில் போடுகிற நாற்பது பவுனுக்கு ஒரு துண்டுச் சீட்டு இருக்காது. மணமக்களுக்கு வந்த பரிசுப் பொருள்களைப் பட்டியல் போட்டு, என்ன, யார் கொடுத்தது, தோராய மதிப்பு என்ன என்று எழுதி, இருவரும் கையெழுத்திட்டு வைத்துக்கொள்ள வேண்டும் என்று வரதட்சணைத் தடைச் சட்டத்தின் கீழ் 1985லேயே விதி இருக்கிறது. வரதட்சணை கேட்பதும் கொடுப்பதும் 1961இலிருந்து குற்றம். பெண்ணுக்கு அன்பாகப் போட்டது அவளுடைய சீதனம், அவளுடைய சொத்து. பட்டியல் இல்லாததால் நாங்கள் கல்யாண ஆல்பத்தை விரித்து, இந்த ஆரம் யார் போட்டது, அந்த வளையல் எத்தனை பவுன் என்று பூதக்கண்ணாடி வைத்துத் தேடுகிறோம். உங்கள் மகளுடையதையும் அப்படித்தான் தேட வேண்டியிருக்கும். நகைக்கடை ரசீது, ஆல்பம், வீடியோ எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். குடும்ப வன்முறைச் சட்டத்தின் 19ஆவது பிரிவிலும் நகையைத் திருப்பித் தரச் சொல்லி உத்தரவு கேட்க வழி இருக்கிறது. அவளுக்கு அந்தச் சட்டம் பொருந்துமா என்று உங்கள் வக்கீலோடு பேசிப் பாருங்கள்.

மொய் நோட்டைப் பற்றிப் பேசினால் ஒன்பதாம் வகுப்புப் பையனுக்கும் புரியும். அப்புறம் திருமணப் பதிவு. 2009ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டத்தின்படி எந்த மதத்தவராக இருந்தாலும் 90 நாளுக்குள் பதிய வேண்டும். திருமணமே நடக்கவில்லை என்று ஒருவர் சாதித்தால் அந்தச் சான்றிதழ்தான் பேசும். பெண்ணுக்கு 18, பையனுக்கு 21 ஆகாமல் கல்யாணம் பேசினால் குழந்தைகள் உதவி எண்ணான 1098ஐக் கூப்பிடலாம் என்பது, அந்த வயதுப் பிள்ளைகளுக்கு இன்றைக்கே தேவைப்படுகிற விஷயம். பையன்களை உட்காரவைத்துத்தான் இதையெல்லாம் பேச வேண்டும். பெண்களை மட்டும் கூட்டி விழிப்புணர்வு வகுப்பு நடத்துவதால் பாதி வேலைதான் ஆகிறது. வீட்டில் அம்மா செய்கிற வேலைக்கு என்ன மதிப்பு, பிரிந்தாலும் பிள்ளைக்கு அப்பாவின் கடமை என்ன என்று பதினைந்து வயதில் ஒருவன் யோசித்திருந்தால், முப்பது வயதில் ‘வேலையை விட்டுவிட்டேன்’ என்று மனு எழுதக் கொஞ்சமாவது தயங்குவான்.

இதைச் செய்ய உங்களுக்கு ஒரு வழியும் இருக்கிறது. சட்டப் பணிகள் ஆணைக்குழு, சட்டம் படிக்காத பொதுமக்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்து, சட்டத் தன்னார்வலர்களாக நியமிக்கிறது. தேசியச் சட்டப் பணிகள் ஆணையத்தின் அந்தத் திட்டத்தில், யாரை எடுக்கலாம் என்கிற பட்டியலில் ஓய்வுபெற்ற ஆசிரியர்களையும் குறிப்பிட்டே சொல்லியிருக்கிறார்கள். பள்ளிகளில் சட்ட எழுத்தறிவு மன்றங்கள் நடத்துவதும் அவர்கள் வேலையில் சேர்ந்ததுதான். மகளின் இலவச சட்ட உதவி மனுவோடு அந்த அலுவலகத்துக்குப் போகும்போது, தன்னார்வலர் விண்ணப்பத்தையும் கேட்டு வாங்குங்கள். செயலாளராக இருப்பவர் ஒரு நீதித்துறை அதிகாரிதான், அவரையே நேரில் பார்த்துப் பேசலாம். ஆதார் நகல், மனுவின் நகல், நான் சொன்ன வாய்தா நோட்டு மூன்றையும் கையோடு கொண்டுபோங்கள்.

பேரனின் வீடியோ அழைப்பை மட்டும் உத்தரவு வரும்வரை காத்திருக்காமல் இந்த ஞாயிற்றுக்கிழமையே தொடங்கிவிடுங்கள்.